சக்கரம் பெரிதானால் சுகம் பெரிதாகுமா?



வாகனம் என்பது வல்ல இறைவன் மனிதனுக்கு வசப்படுத்தித் தந்துள்ள அருட்கொடைகளுள் ஒன்றாகும். அதில் ஏறி அமரும்போது அவனை நினைவுகூர்ந்து துஆ ஓதும்படி நாம் கற்பிக்கப்பட்டிருப்பதும் அதனாலேயே. ஒரு காலத்தில் ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருந்த கார், இன்று நடுத்தரக் குடும்பத்தின் வாசலிலும் வந்து நிற்கின்றது. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என நம் மாவட்டத்தின் எந்த ஊருக்குச் சென்றாலும் இதனைக் காணலாம். அல்ஹம்து லில்லாஹ்!

கார் வந்ததும் அதனை அழகுபடுத்தும் ஆசையும் கூடவே வந்துவிடுகின்றது. அந்த ஆசைகளுள் முன்னணியில் நிற்பது, நிறுவனம் பொருத்தித் தந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் வீல்களையும் அகன்ற டயர்களையும் பூட்டிக்கொள்வதாகும். "அத்தா! பதினான்கு அங்குலத்தை எடுத்துவிட்டுப் பதினாறு போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும், சொகுசாகவும் ஓடும்" என்று மகன் கேட்கிறான். தந்தைக்கு அதில் தெளிவில்லை. எனினும் பிள்ளையின் முகவாட்டத்தைக் காண மனமுமில்லை. பணம் எடுத்துக் கொடுத்துவிடுகின்றார்.

கம்பீரமாக இருக்கும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். சொகுசாக ஓடும் என்பதுதான் நாம் நிறுத்திச் சிந்திக்க வேண்டிய செய்தி. பெரிய சக்கரம் சுகத்தைக் கூட்டுமா, குறைக்குமா? குறைக்குமெனில், அந்தக் குறையைத் தாங்கப் போகிறவர் யார்? பணம் கொடுப்பதற்கு முன் இவ்விரு வினாக்களுக்கும் நீங்கள் விடை கண்டுவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாட்டுவண்டி கற்பித்த பாடம்

நம் பாட்டனார் காலத்து மாட்டுவண்டியை எண்ணிப் பாருங்கள். அதன் சக்கரம் ஆளின் மார்பளவு உயரம் இருக்கும். அவ்வளவு பெரிய சக்கரத்தை அன்றைய தச்சர் செய்ததற்குக் காரணம் இருந்தது. வட்டம் பெரிதாக இருந்தால், சிறிய பள்ளத்தில் அது முழுவதுமாக விழுவதில்லை. கல்லின் மீதும் எளிதாக ஏறி இறங்கும். "பெரிய சக்கரம் சுகமானது" என்னும் எண்ணம் நம் மனத்தில் பதிந்திருப்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆயினும் அந்தப் பெரிய சக்கரத்தின் விளிம்பில் இருந்தது இரும்புப் பட்டா. அது எதற்கும் வளைந்து கொடுக்காது. ஆகவேதான் கூண்டு வண்டியில் பெண்களையும் முதியோரையும் ஏற்றும்போது, அடியில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சமுக்காளம் விரித்தார்கள். சக்கரம் எவ்வளவு பெரிதாயினும், மெத்தென்ற ஒன்று இடையில் இல்லாவிடில் உடம்பு தாங்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அந்த மெத்தையைச் சக்கரத்திலேயே வைத்துக் கட்டியதுதான் காற்று டயர். 1845-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அது வழக்கத்திற்கு வரவில்லை. நாற்பதாண்டுகளுக்குப் பின்னர், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறுவயது மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் அதிர்ந்து ஓடுவதைக் கண்டார். ரப்பர் குழாயில் காற்றை அடைத்து, அதனைச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். வண்டி அதிர்வின்றி ஓடிற்று. 1888-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

வாசகர்கள் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒரு தந்தை தம் பிள்ளையின் உடல் குலுங்காதிருக்கும் பொருட்டு ஆக்கியதே டன்லப்பின் டயர். அதில் சுகத்தைத் தந்தது ரப்பரும் அன்று, இரும்பும் அன்று. உள்ளே அடைபட்டிருந்த காற்றே ஆகும்.

எண்கள் கூறும் உண்மை

இப்போது உங்கள் காரின் அருகே சென்று டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, நம் பகுதியில் ஏராளமாக ஓடும் மாருதி ஸ்விஃப்ட் காரின் தொடக்க வகைகளில் 165/80 ஆர் 14 என்று பொறித்திருக்கும். இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 'ஆர்' என்பது ரேடியல் வகை என்பதற்கான குறி.

165-இல் 80 விழுக்காடு 132 மி.மீ. ஆகும். அதாவது சாலைக்கும் ரிம்மின் விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் காற்று மெத்தை இருக்கின்றது.

சக்கரத்தைப் பெரிதாக்குவோர், பொதுவாக டயரின் வெளிவட்டத்தைப் பெரிதாக்குவதில்லை. பெரிதாக்கினால் மட்கார்டில் உரசும். வேகமானியும் தவறாகக் காட்டும். ஆகவே வெளிவட்டத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ரிம்மை மட்டும் பெரிதாக்குகின்றார்கள். வெளிவட்டம் சுமார் 620 மி.மீ. வரும்படி அமைந்த நான்கு அளவுகளைக் கீழே தருகின்றோம்.

165/80 ஆர் 14: பக்கச்சுவர் 132 மி.மீ.
185/65 ஆர் 15: பக்கச்சுவர் 120 மி.மீ.
195/55 ஆர் 16: பக்கச்சுவர் 107 மி.மீ.
205/45 ஆர் 17: பக்கச்சுவர் 92 மி.மீ.

வெளிவட்டம் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே மாட்டுவண்டிச் சக்கரத்தைப் போலப் பள்ளத்தைத் தாண்டும் ஆற்றல் எள்ளளவும் கூடவில்லை. மாறாக, 14-லிருந்து 15-க்குச் செல்லும்போது மெத்தையில் 9 விழுக்காடு போய்விடுகின்றது. 16-க்குச் சென்றால் 19 விழுக்காடு. 17-க்குச் சென்றால் 30 விழுக்காடு. காற்று இருந்த இடத்தை உலோகம் பிடித்துக்கொள்கின்றது. காசு கொடுத்துக் காற்றை வெளியேற்றுகின்றோம் என்று சொன்னாலும் தவறில்லை!

நம் தந்தையர் காலத்து அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரின் ரிம் 15 அங்குலந்தான். இன்றைய நடுத்தரக் கார்கள் பலவற்றின் அளவும் அதுவே. ஆனால் அதன்மேல் பூட்டியிருந்த டயரோ உயர்ந்த பக்கச்சுவர் கொண்டது. அந்தக் கார் குண்டுகுழிகளில் மெத்தென்று சென்றதில், அகன்ற இருக்கைக்கும் வில்பட்டைக்கும் பங்கிருந்தது போலவே அந்த உயரமான டயருக்கும் பங்கிருந்தது.

உடம்பு அறியும் அதிர்வு

"டயர் மெலிந்தால் என்ன? கீழே சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் இருக்கின்றனவே!" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விடையை விரிவாகவே பார்ப்போம்.

சாலையின் மேடுபள்ளங்கள் இருவகைப்படும். வேகத்தடை, பெரிய பள்ளம், பாலத்தின் இணைப்பு மேடு போன்றவை ஒருவகை. இவற்றைச் சுருள்வில் உள்வாங்கிக்கொள்ளும். மற்றொன்று, பெயர்ந்து கிடக்கும் ஜல்லி, ஒட்டுப்போட்ட தாரின் விளிம்பு, வண்டிகள் ஓடி அரித்த சொரசொரப்பு போன்றவை. இவை நொடிக்குப் பலமுறை வந்து மோதும் சிற்றதிர்வுகள். கனத்த சக்கரத்தையே தூக்கி இறக்க வேண்டியிருப்பதால், சுருள்வில் இந்த வேகத்திற்கு ஈடுகொடுப்பது கடினம். அவ்வதிர்வுகளை முதலில் விழுங்க வேண்டியது டயரின் பக்கச்சுவரே. அது குட்டையாகிவிட்டால், விழுங்கப்படாத அதிர்வு நேராக இருக்கைக்கு வந்து சேரும்.

அமர்ந்திருக்கும் மனித உடல், நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான மேல்கீழ் அதிர்வையே மிகுதியாக உணர்கின்றது என்பது அறிவியல் ஆய்வில் உறுதிப்பட்ட உண்மை. அதிர்வுகளை அளக்கும் உலகளாவிய நெறிமுறைகளும் இதனை அடிப்படையாகக் கொண்டுள்ளன. ஓட்டுநருக்கோ கையில் ஸ்டீயரிங் இருக்கின்றது. பள்ளம் வருவதை முன்கூட்டியே கண்டு உடலைத் தயார்ப்படுத்திக்கொள்கின்றார். பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு அந்த வாய்ப்பில்லை. பெரும்பாலான சிறு கார்களில் பின்னிருக்கை பின்சக்கரங்களுக்கு அருகிலேயே அமைந்திருப்பதால், அங்கே குலுக்கல் இன்னும் கூடுதலாகவே தெரியும்.

சகோதரர்களே! சக்கரத்தின் அழகை ரசிப்பவர் வெளியே நிற்கின்றார். வண்டி திரும்பும் துடிப்பை ரசிப்பவர் முன்னே அமர்ந்திருக்கின்றார். விலையைக் கொடுப்பவரோ பின்னே அமர்ந்திருக்கின்றார். முதுகுத்தண்டு தேய்ந்த தாயார், மூட்டுவலியுள்ள மாமனார், கருவுற்றிருக்கும் மகள், மடியில் உறங்கும் பச்சிளங்குழந்தை ஆகியோரே அவர்கள். "வண்டி எப்படி இருக்கின்றது?" என்று கேட்டால், பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று "நன்றாக இருக்கின்றது" என்றுதான் கூறுவார்கள். வீடு திரும்பித் தைலம் தேய்த்துக்கொள்ளும்போதுதான் உண்மை வெளிப்படும்.

நம் சாலைகளும் நம் பயணங்களும்

எந்தச் சக்கரம் ஏற்றது என்பதை விளம்பரம் தீர்மானிக்கக்கூடாது. நாம் ஓடும் சாலையே தீர்மானிக்க வேண்டும்.

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, காரிமங்கலம், தருமபுரி, தொப்பூர் வழியாக நம் மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கின்றது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் பெற்றோரைப் பெங்களூர் விமான நிலையம் வரை வழியனுப்பச் செல்வதும், சேலத்து மருத்துவமனைகளுக்கு நோயாளிகளை அழைத்துச் செல்வதும் இச்சாலையில்தான். இந்த ஒரு சாலையில் மட்டும் ஓடுவதாயின், 15 அங்குலச் சக்கரத்தால் பெரிய தொல்லை எதுவும் நேராது.

ஆனால் நம் பயணங்கள் நெடுஞ்சாலையோடு முடிவதில்லையே! பென்னாகரம் கடந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுப்பாதை, கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வத்தல்மலைச் சாலை, அரூருக்கு அப்பால் சித்தேரி மலைப்பகுதி, திருப்பத்தூர் வழியாக வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நிக்காஹ் வைபவங்களுக்குச் செல்லும் வழி, இவற்றோடு ஒவ்வொரு சிற்றூரின் நுழைவாயிலிலும் அடுக்கடுக்காக அமைந்த வேகத்தடைகள்! மழைக்காலம் முடிந்தபின் கிராமச் சாலைகளின் ஓரம் அரித்துக் கிடப்பதையும் நாம் அறிவோம்.

இத்தகைய சாலையில் குட்டையான பக்கச்சுவருக்குச் சுகக்குறைவைத் தவிர மற்றோர் ஆபத்தும் உண்டு. கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் வேகமாக விழும்போது, ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையில் பக்கச்சுவர் நசுங்குகின்றது. உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து, வெளியே கொப்புளம் போலப் புடைத்துவிடும். அப்படிப் புடைத்த டயரைப் பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய இயலாது. மாற்றியே ஆக வேண்டும். எஃகு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் வீலோ விரிசல் விட்டுவிட்டால், அதனை நம்பி நெடுஞ்சாலையில் செல்வது அறிவுடைமை ஆகாது.

நன்மையே இல்லையா?

ஒருபக்கம் மட்டும் பேசுவது நீதியாகாது. பெரிய ரிம், அகன்ற டயர் ஆகியவற்றால் உண்மையான நன்மைகளும் உண்டு.

பக்கச்சுவர் குட்டையாக இருந்தால், திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் சாய்வது குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் வண்டி கீழ்ப்படியும். அகன்ற டயர், காய்ந்த சாலையில் பிடிமானத்தைக் கூட்டும். நெடுஞ்சாலையின் வேகத்தில் வண்டி அலைபாயாமல் செல்லும். பெரிய பிரேக் தட்டுகளைப் பொருத்துவதற்கு ரிம்மின் உள்ளே இடமும் கிடைக்கும். நிறுவனங்கள் தங்கள் உயர்வகைக் கார்களுக்குப் பெரிய சக்கரங்களைத் தருவதற்கு அழகோடு இக்காரணங்களும் உண்டு.

ஆனால் அந்த உயர்வகைக் காருக்கு ஏற்றவாறு சுருள்வில், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் ஆகியவற்றையும் பொறியாளர்கள் ஒத்திசைவாக அமைக்க இயலும். கடையில் சக்கரத்தை மட்டும் மாற்றும்போது இந்த ஒத்திசைவு கிட்டுவதில்லை. பிறருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நாம் அணிந்துகொள்வது போன்றதே இது.

அகன்ற டயருக்கு மழையில் ஒரு குறையும் உண்டு. தேங்கிய நீரை விலக்கித் தரையைத் தொட, அது கூடுதல் நீரைத் தள்ள வேண்டியிருக்கின்றது. வேகம் மிகுந்தால் நீரின்மேல் மிதந்து பிடிமானத்தை இழக்கும் வாய்ப்பு அதிகம். டயரின் பட்டன் தேய்ந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

எடையும் தொப்பூர் இறக்கமும்

கடையில் பெரும்பாலும் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. அது எடை.

அலாய் வீல் எடை குறைந்தது என்பார்கள். ஒரே அளவுள்ள எஃகு ரிம்மோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் சரியே. ஆனால் 14 அங்குல எஃகுக்குப் பதிலாக 16 அங்குல அலாயும் அகன்ற டயரும் போடும்போது, மொத்த எடை கூடிவிடுவது வழக்கம். சுருள்வில்லுக்குக் கீழே இருக்கும் எடை கூடக்கூட, சாலையின் அதிர்வை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குக் கடினமாகின்றது. அதோடு, ரிம் பெரிதாகும்போது எடை மையத்திலிருந்து விலகி விளிம்புக்குச் செல்கின்றது. விளிம்பில் எடை மிகுந்த சக்கரத்தைச் சுழற்றவும் அதிக ஆற்றல் வேண்டும். நிறுத்தவும் அதிக ஆற்றல் வேண்டும். எரிபொருள் செலவு கூடுவதற்கும் பிரேக்குக்குப் பளு கூடுவதற்கும் இதுவே காரணம்.

தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கம் எத்தகையது என்பதை நாம் அறிவோம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே நிகழ்ந்த கோர விபத்துகள் ஒவ்வொன்றிலும் நால்வர் உயிரிழந்தனர். அவை லாரிகளால் நேர்ந்தவை. கார்ச் சக்கரங்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. எனினும் பாரமும் இறக்கமும் பிரேக்கும் சேரும் இடத்தில் விளையாட்டு கூடாது என்பதை அவை நமக்கு நினைவூட்டுகின்றன. அவ்விறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குவதே முறை. அங்கே பிரேக்குக்கு அநாவசியமாகப் பளுவைக் கூட்டிவைப்பது நல்லதன்று.

டயர் தாங்கும் பாரத்தையும் பார்க்க வேண்டும். அளவுக்குப் பக்கத்தில் பொறித்துள்ள எண் பாரத்தைக் குறிக்கும். 165/80 ஆர் 14 டயரில் 85 என்றிருந்தால், ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 205/45 ஆர் 17 அளவின் சாதாரண வகையில் இருப்பது 84. அதாவது 500 கிலோ. பார்வைக்குப் பெரிதாகத் தோன்றும் டயர், தாங்குவதில் சிறிதாகிவிடுகின்றது! பெருநாளைக்கு ஐவரும் மூட்டைமுடிச்சுகளும் ஏறிச் செல்லும் குடும்பத்திற்கு இது சாதாரணச் செய்தியன்று. வலுவூட்டிய வகையை வாங்கினால் 88 வரை கிடைக்கும். ஆனால் அந்தப் பாரத்தைச் சுமக்க அதில் காற்றழுத்தமும் கூடுதலாக வைக்க வேண்டும். வண்டி இன்னும் இறுகும்.

"குலுங்கினால் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போயிற்று" என்று சிலர் ஆலோசனை கூறுவர். அதனைச் செவிமடுக்காதீர்கள். காற்றுக் குறைந்த டயர் அளவுக்கு மீறி வளைந்து சூடேறும். வெயில் காலத்தில் நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கவும் கூடும். குட்டையான டயரில் காற்றைக் குறைத்தால் ரிம் அடிவாங்குவதும் எளிது.

சட்டம் என்ன சொல்கின்றது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கலாகாது என்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே தயாரிப்பாளர் உங்கள் காரின் ஏதேனும் ஒரு வகைக்கு அங்கீகரித்துள்ள அளவைத் தாண்டாதிருப்பதே பாதுகாப்பான வழி. மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும் சக்கரங்களைத் தவிர்த்துவிடுங்கள். மாற்றம் செய்தால் காப்பீட்டு நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். இல்லாவிடில், விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்கும்போது வீண் வழக்குக்கு இடமாகிவிடும்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால்...

இவ்வளவையும் அறிந்த பின்னரும் மாற்ற விரும்புவோர், பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

முதலாவதாக, ஓரங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் காரின் உயர்வகைக்கு நிறுவனமே தரும் அளவு எதுவென்று கேளுங்கள். ஸ்விஃப்ட் காருக்கு அது 185/65 ஆர் 15. மெத்தையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே குறையும். குடும்பத்தினருக்கு அது பெரிய தொல்லையாகாது.

இரண்டாவதாக, வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, அமர்ந்து பாருங்கள்! அதே அளவுச் சக்கரமுள்ள உறவினர் அல்லது நண்பரின் காரில், உங்கள் வீட்டு முதியவரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, நீங்கள் வழக்கமாகச் செல்லும் கிராமச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் சென்று வாருங்கள். அவர் தரும் சாட்சியமே இறுதித் தீர்ப்பாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, வெளிவட்டத்தின் வேறுபாடு 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வேகமானி காட்டும் வேகமும் உண்மை வேகமும் வேறுபடும்.

நான்காவதாக, அலாய் வீலின் போல்ட் துளைகளும் நடுத்துளையும் உங்கள் காருக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். சக்கரம் உள்ளே அமரும் ஆழமும் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். வாஷர் வைத்து ஒப்பேற்றுவதை அனுமதியாதீர்கள்.

ஐந்தாவதாக, டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கின்றதா என்று பாருங்கள். தயாரித்த காலத்தைக் குறிக்கும் நான்கிலக்க எண்ணையும் பாருங்கள். 1025 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் பத்தாவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டனின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்துவிட்டால், எந்த டயராயினும் மாற்றியாக வேண்டும்; சட்டமும் அதனையே கூறுகின்றது.

ஆறாவதாக, ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். நான்கு சக்கரம் புதியது, ஐந்தாவது பழைய அளவு என்றிருந்தால், அதனைப் பூட்டிப் பக்கத்துப் பஞ்சர் கடை வரை மெதுவாகச் செல்லலாமே தவிர, நெடும்பயணம் செய்யலாகாது.

சுகம் மட்டுமே உங்கள் குறிக்கோள் எனில், செலவு குறைந்த வழியும் இருக்கின்றது. இருக்கும் ரிம்மிலேயே தரமான புதிய டயர்களைப் போட்டு, ஓட்டுநர் கதவின் உட்புறம் ஒட்டியுள்ள அட்டவணைப்படி, வண்டி குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். அலைன்மென்டும் பேலன்ஸிங்கும் செய்யுங்கள். தேய்ந்த ஷாக் அப்சார்பரையும் புஷ்களையும் மாற்றுங்கள். "வண்டி தூக்கிப் போடுகின்றது" என்று கூறப்படும் பழைய கார்கள் பலவற்றுக்கு இதுவே உண்மையான மருந்து.

விரயமும் அமானிதமும்

நான்கு அலாய் வீல்களும் நான்கு டயர்களும் பல ஆயிரம் ரூபாய் விழுங்குபவை. ஆகுமான முறையில் ஈட்டிய பொருளை அழகுக்காகச் செலவிடுவதை மார்க்கம் முற்றாகத் தடுக்கவில்லை. தூய்மையும் அழகும் விரும்பத்தக்கவையே. ஆனால் வீண்விரயமும், பிறர் பார்க்கவேண்டும் என்னும் பெருமையும் கண்டிக்கப்பட்டவை. நன்றாக இருந்த சக்கரத்தைக் கழற்றி மூலையில் போட்டு, வீட்டிலுள்ளோரின் சுகத்தைக் குறைத்துக்கொள்வதற்காகவே பணம் செலவிடுவது எவ்வகையைச் சேரும் என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வண்டியில் ஏறியமரும் ஒவ்வோர் உயிரும் ஓட்டுபவரின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பெற்றோரைப் பேணுவது என்பது அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதோடு முடிந்துவிடுவதில்லை. அந்த வழியில் அவர்கள் உடல் நோகாமல் கொண்டு சேர்ப்பதும் அதனுள் அடங்கும். இளைஞர்களே! உங்கள் ஆசையை நாம் குறைகூறவில்லை. சக்கரத்தின் அளவை முடிவு செய்யுமுன், ஒருமுறை பின்னிருக்கையில் அமர்ந்து பாருங்கள் என்றே வேண்டுகின்றோம்.

வல்ல அல்லாஹ், நம் பயணங்கள் அனைத்தையும் நலமாகவும் இலகுவாகவும் ஆக்கியருள்வானாக! வழியில் நேரும் இடர்களைவிட்டும் நம்மையும் நம் குடும்பத்தாரையும் காத்தருள்வானாக! ஆமீன்.